சால்டரிங் அயர்னுக்கு வாட் மட்டும் அளவுகோல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கருவிகளை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பும் புதியவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இத்துறையைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே எடுத்துவந்து, கையால் செய்து பழக வேண்டிய ஒன்றாக அறிமுகப்படுத்தியிருப்பது மிகவும் நல்ல முயற்சி. ஆனால் சால்டர் என்னும் உலோகக் கலவையை உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் வாங்குவது குறித்து அதில் வந்திருந்த பத்தியைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் வாட் குறைந்த அயர்னையே வாங்க வேண்டும், வாட் கூடினால் சூடு கூடிப் பாகங்கள் கருகும், அயர்னின் நுனியில் சூடாகும் பிட்டின் முனை எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அந்தப் பத்தி சொல்கிறது. புதியவர்களுக்குப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த அறிவுரையைக் கேட்டு வாங்கியவர்களில் பலர், தங்கள் கைக்குத்தான் வேலை வரவில்லை என்று எண்ணி இந்தப் பொழுதுபோக்கையே கைவிட்டிருக்கிறார்கள். குறை அவர்கள் கையில் இல்லை, அயர்னில் இருந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாட் என்பது அயர்ன் எவ்வளவு சூடாகும் என்பதைக் காட்டும் எண் அன்று. எவ்வளவு வேகமாக வெப்பத்தை ஊட்ட முடியும் என்பதைக் காட்டும் எண். நேரடியாக மின்சாரத்தில் சொருகும் சாதாரண அயர்னில் வெப்பநிலையை அளந்து பார்க்கும் உறுப்பு எதுவும் கிடையாது. சூடேற்றும் எலிமென்ட்டுக்குள் மின்சாரம் ஓயாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். பிட்டின் சூடு ஏறிக்கொண்டே போய், உள்ளே வரும் வெப்பமும் காற்றில் கரையும் வெப்பமும் சமமாகும் இடத்தில் போய் நிற்கும். அந்த இடம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் இருக்கலாம். அதாவது, வேலை எதுவும் செய்யாமல் ஸ்டாண்டில் கிடக்கும்போதுதான் அது மிக அதிகச் சூட்டில் இருக்கிறது. அதே பிட்டை மின்சுற்றுப் பலகையில் வைத்த உடனே செம்பும் பாகத்தின் காலும் வெப்பத்தை இழுத்துக்கொள்ள, சூடு சரிந்துவிடுகிறது. 15 வாட் எலிமென்ட்டால் அந்த இழப்பை உடனே ஈடுகட்ட முடியாது. சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடு, வேலையின்போது தேவைக்குக் குறைந்த சூடு என்ற இந்த நிலையைத்தான் நாம் பாதுகாப்பு என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போதாததற்கு, இவ்வகை அயர்ன் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் அப்படியே ஆட்படும். எலிமென்ட் தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே வெப்பம் 19 விழுக்காடு குறைந்துவிடும். காலையில் நன்றாக உருகிய சால்டர் மாலையில் கட்டிதட்டுவதற்கு இதுவே போதுமான காரணம்.

வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள அயர்னில் கதை வேறு. அதன் முனையருகே ஒரு உணரி இருக்கிறது. 340 டிகிரி என்று வைத்தால், அந்த அளவை எட்டும்வரை முழு வாட்டும் பாயும். எட்டியபின் தேவையான அளவுக்கு மட்டும் விட்டுவிட்டுப் பாயும். அது 70 வாட் அயர்னாக இருந்தாலும் சும்மா கிடக்கும்போது அதில் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும். பெரிய இணைப்பைத் தொட்டதும் மிச்சமுள்ள வலிமை உதவிக்கு வரும். கூடுதல் வாட் பாகத்தைக் கருக்குவதில்லை. முனை இழந்துவிட்ட சூட்டை அது மீட்டுக் கொடுக்கிறது. ஒரு சொம்புக் கொதிநீரை விட ஓர் அண்டா வெந்நீரில் அடங்கியிருக்கும் வெப்பம் அதிகம் என்பதை எல்லோரும் அறிவோம். சூடு வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்பது இங்கேயும் பொருந்தும்.

இதை நேரில் காண விரும்புபவர்கள் எர்த் தளத்தோடு இணைந்த ஒரு பேடில், அதாவது பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டில், பற்றவைத்துப் பார்க்கலாம். பலகையில் தனியாக நிற்கும் சிறிய பேடில் எந்த அயர்னும் ஓரளவு வேலை செய்துவிடும். ஆனால் பலகையின் பெரும்பரப்பை நிரப்பியிருக்கும் செம்புத் தகட்டோடு நேரடியாக இணைந்த பேடில், 15 வாட் அயர்னின் ஊசிமுனையை வைத்துச் சால்டரை நீட்டினால், சால்டர் பிட்டில் உருண்டையாகத் திரளுமே தவிர பேடில் பரவாது. சால்டர் கம்பிக்குள் இருக்கும், உலோகப் பரப்பைச் சுத்தப்படுத்தும் பிளக்ஸ் புகைந்து தீர்ந்துபோகும். இரண்டு விநாடியில் முடிய வேண்டியது பத்து, பதினைந்து விநாடி என்று நீளும். அந்த நேரம் முழுக்க வெப்பம் பாகத்தின் கால் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. பேடைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பசையும் இளகிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பொறுமை இழந்து பிட்டை அழுத்தித் தேய்த்தால் பேடு பெயர்ந்து கையோடு வந்துவிடும். அதே இடத்தில், 350 டிகிரியில் வைத்த 60 வாட் அயர்னின் தட்டையான முனையைப் பேடும் காலும் ஒருங்கே தொடும்படி வைத்துப் பாருங்கள். சால்டர் ஒரு கணம் தயங்கும். பிறகு சட்டென்று பளபளத்து, காலைச் சுற்றி மேலே ஏறி, பேடின் ஓரம்வரை வழுவழுப்பாகப் பரவி நிற்கும். பாகத்தைக் காப்பாற்றுவது குறைந்த வாட் அன்று, குறைந்த நேரம். ஓர் இணைப்புக்கு இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் தேவைப்படாத அயர்னே பாதுகாப்பான அயர்ன்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பது சால்டரைப் பொறுத்தது. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும். காரீயம் இல்லாத சால்டர்களில், வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்ந்த வகை 217 முதல் 220 டிகிரிக்குள்ளும், வெள்ளீயமும் செம்பும் மட்டும் சேர்ந்த வகை 227 டிகிரியிலும் உருகும். காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் தொழிற்சாலைகளில் இவை பரவலாகிவிட்டன; ஆகவே அதன்பின் வந்த கருவிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்களுக்கும் இவை அடிக்கடி எதிர்ப்படும். வெப்பம் விரைந்து இறங்க வேண்டும் என்பதற்காக முனையை உருகுநிலையை விட நூற்றுக்கும் மேற்பட்ட டிகிரி கூடுதலாக வைத்துக்கொள்வது வழக்கம். காரீயம் கலந்ததற்கு 320 முதல் 350 வரை, காரீயம் இல்லாததற்கு 350 முதல் 380 வரை என்று தொடங்கினால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். உருகவில்லையே என்று 450 வரை திருகுவது தவறான பழக்கம். அந்தச் சூட்டில் பிளக்ஸ் வேலை செய்யுமுன் கருகிவிடும், பிட்டும் விரைவில் கறுத்துச் சாகும். உருகாததற்குக் காரணம் பெரும்பாலும் பிட் சிறியதாக இருப்பது, அல்லது அழுக்கேறி இருப்பது.

வெப்பநிலைக் கட்டுப்பாடு ஏதோ புதிதாக வந்த ஆடம்பரம் என்றும் யாரும் நினைக்க வேண்டியதில்லை. திரையோ நுண்செயலியோ இல்லாத காலத்திலேயே வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட் வகை அயர்ன்கள் இதைக் காந்தத்தால் சாதித்தன. பிட்டின் பின்புறத்தில் பதித்த ஒரு சிறு உலோகத் துண்டு, குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். உடனே உள்ளே இருக்கும் காந்தம் விலகிச் சுவிட்சைத் துண்டிக்கும். சூடு குறைந்ததும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பிட்டில் 6, 7, 8 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முறையே 600, 700, 800 டிகிரி பாரன்ஹீட் என்று பொருள். 7 என்பது ஏறத்தாழ 370 டிகிரி செல்சியஸ். எவ்வளவு எளிமையான, அழகான தீர்வு!

இன்று வாங்கப் போகிறவர் முன்னால் பல வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை அவசியம். கைப்பிடியிலேயே ஒரு திருகி வைத்து, அதைச் சுற்றி 200 முதல் 450 வரை எண்கள் அச்சிட்ட மலிவான அயர்ன்கள் இருக்கின்றன. இவற்றில் சில உண்மையாகவே உணரி உள்ளவை. வேறு சிலவற்றில் இருப்பதோ மின்விசிறி ரெகுலேட்டர் போன்ற ஒரு குறைப்பான் மட்டுமே. அதில் எழுதியிருக்கும் டிகிரிக்கும் முனையின் சூட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அயர்ன் சூடேறும்போது எரியும் விளக்கு, வைத்த அளவை எட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா, ஈரப் பஞ்சில் முனையை வைத்தால் உடனே தொடர்ந்து எரிகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். விளக்கே இல்லாவிட்டால், விவரக் குறிப்பில் உணரி பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மற்ற வகைகளில், தனிப் பெட்டியும் அதிலிருந்து 24 வோல்ட்டில் இயங்கும் கைப்பிடியும் கொண்ட சால்டரிங் ஸ்டேஷன்தான் மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு என் முதல் பரிந்துரை. ஹாக்கோ நிறுவனத்தின் 936 இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது. அதே அமைப்பைப் பின்பற்றிப் பலர் செய்கிறார்கள். இதில் பீங்கான் எலிமென்ட்டின் மேல் பிட் உறைபோல மாட்டப்பட்டிருக்கும். பிட்டை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பது வசதி. எலிமென்ட்டுக்கும் பிட்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருப்பதால் வெப்பம் சற்றுத் தயங்கியே வரும் என்பது குறை. பீங்கான் எளிதில் உடையும். கீழே போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எலிமென்ட்டும் உணரியும் பிட்டும் ஒரே துண்டாக அமைந்த கார்ட்ரிட்ஜ் வகையில் அந்த இடைவெளியே இல்லை. ஹாக்கோவின் டி12, ஜேபிசியின் சி245 ஆகியவை இவ்வகை. சில விநாடிகளில் சூடாகிவிடும், இழந்த சூட்டையும் கண் இமைப்பதற்குள் மீட்டுவிடும். ஒவ்வொரு பிட்டும் ஓர் எலிமென்ட்டையும் சேர்த்தே சுமப்பதால், மாற்றும்போது செலவு கூடும். வேலையின் நயம் தெரிந்தவர்கள் ஒருமுறை இதைப் பிடித்துவிட்டால் பழையதற்குத் திரும்புவதில்லை.

மேசைக்கு இடமில்லாதவர்களுக்கும் எடுத்துச் செல்ல வேண்டியவர்களுக்கும் டிஎஸ்100, பைன்சில் போன்ற பேனா அளவு அயர்ன்கள் மிகவும் ஏற்றவை. ஆனால் இவற்றின் வலிமை அடாப்டரில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எலிமென்ட் ஒன்றுதான் என்பதால், 24 வோல்ட்டில் கிடைக்கும் வாட்டில் நான்கில் ஒரு பங்குதான் 12 வோல்ட்டில் கிடைக்கும். கையில் கிடைத்த ஏதோ ஓர் அடாப்டரைச் சொருகிவிட்டு அயர்ன் சரியில்லை என்பவர்கள் உண்டு. யுஎஸ்பி-சி வழியாக இயக்குவதானால், 20 வோல்ட் தரக்கூடிய, 60 வாட்டுக்குக் குறையாத சார்ஜரும் அதைத் தாங்கும் கேபிளும் வேண்டும்.

எந்த வகையானாலும், அயர்னைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது ஒரு பிட் குடும்பத்தை. பிட் தேயும் பொருள். ஓராண்டு கழித்து அதே அளவில் வேறு பிட் கிடைக்காவிட்டால் அந்த அயர்ன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே அயர்னைப் பார்க்குமுன் அதற்கான பிட்கள் எத்தனை வடிவங்களில், எத்தனை இடங்களில் கிடைக்கின்றன என்று பாருங்கள்.

இனி கூர்மைக்கு வருகிறேன். புதிய அயர்ன்கள் பெரும்பாலும் ஊசிபோல் கூம்பிய பிட்டோடு வருகின்றன. பார்ப்பதற்கு நுணுக்கமான வேலைக்கு உகந்தது போலத் தோன்றும். ஆனால் கூம்பின் நுனி பேடைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. வெப்பம் அந்தப் பரப்பின் வழியாகத்தான் இறங்க வேண்டும். உளிபோல் தட்டையான, 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள பிட்தான் அன்றாட வேலைக்குச் சரி. ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், ஐசி சாக்கெட், ஒயர் எல்லாவற்றையும் இதனாலேயே முடிக்கலாம். நெருக்கமான கால்கள் உள்ள ஐசிகளுக்குக் கூட, போதிய பிளக்ஸ் தடவி, சாய்வாக வெட்டிய முனையாலோ கத்தி வடிவ முனையாலோ இழுத்துச் செல்வது ஊசிமுனையால் ஒவ்வொரு காலாகத் தொடுவதை விடச் சுத்தமாக அமையும்.

பிட்டைப் பற்றி இன்னும் ஒன்று. கட்டுரையில் கறுத்துப்போன முனையை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. வெறும் செம்பாலான பழைய பிட்களை அரம் வைத்து ராவி வந்தார்கள். அது அவற்றுக்குச் சரி. இன்றைய பிட்டில் உள்ளே செம்பு, அதன்மேல் இரும்பு முலாம், முனைக்குப் பின்னால் சால்டர் ஒட்டாதிருக்கக் குரோமிய முலாம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. செம்பைச் சால்டர் கரைத்துத் தின்றுவிடும் என்பதால்தான் அந்த இரும்பு முலாம். தாளால் தேய்த்து அதை எடுத்துவிட்டால், சில நாட்களில் முனையில் குழி விழுந்து பிட் வீணாகிவிடும். பித்தளைச் சுருள் நாரில் குத்தித் துடைப்பதே போதும். நிறுத்துமுன் முனையில் புதுச் சால்டரைப் பூசி வைத்துவிட்டால் காற்றுப் பட்டுக் கறுக்காது.

கட்டுரை அறவே தொடாமல் விட்டது எர்த். எனக்கு மிகவும் வருத்தம் தந்ததும் இதுவே. இரண்டு பின் மட்டும் உள்ள பிளக்கோடு வரும் அயர்னில், எலிமென்ட்டிலிருந்து கசியும் மின்னழுத்தம் முனைக்கு வர வாய்ப்பு உண்டு. நம் உடலில் அது உறைக்காமல் போகலாம். ஆனால் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையில் சாதாரணமான ஒன்றின் கேட் என்ற கால் தாங்கும் அளவே பெரும்பாலும் 20 வோல்ட்தான். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் துளைபட்டு, வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் பாகம் கெட்டுவிடும். பற்றவைத்தவர் சுற்றுப்படத்தில் பிழை தேடிக்கொண்டிருப்பார். மூன்று பின் பிளக் உள்ள அயர்னை வாங்கி, மின்சாரத்தில் சொருகாமலேயே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு நுனியைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மற்றொன்றைப் பிட்டின் முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஸ்டேஷன்களில் இது 2 ஓமுக்குள் இருக்கும். எதுவும் காட்டாவிட்டால் முனை எர்த்தோடு இணையவில்லை என்று பொருள். பேனா வகை அயர்ன்களை எர்த் இல்லாத அடாப்டரில் இயக்குபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எர்த் ஒயர் பூட்டுவதற்கான திருகு சிலவற்றில் தனியாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது.

கைக்கு இசைவாக இருப்பதையும் சிறு விஷயமாகக் கருத வேண்டாம். பிடிக்கும் இடத்திலிருந்து முனை எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு கை நடுங்காது. பழைய வகை நீண்ட அயர்ன்களில் புதியவர்கள் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். ஒயர் சிலிக்கோன் உறையிட்டதாக இருந்தால் மணிக்கட்டோடு வளைந்துகொடுக்கும், சூடான பிட் பட்டாலும் உருகாது. கனமான ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: அதில் வருவது காரீய ஆவி என்று பலர் அஞ்சுகிறார்கள், இந்தச் சூட்டில் காரீயம் பொருட்படுத்தும் அளவுக்கு ஆவியாவதில்லை. புகைவது ரோசின் என்னும் பிசினால் ஆன பிளக்ஸ். அதுவும் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால், புகையை முகத்திலிருந்து விலக்கி இழுக்கும் ஒரு சிறு மின்விசிறி அவசியம். காரீயம் கையில் ஒட்டித்தான் வாய்க்குப் போகும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கட்டுப்பாடு உள்ள அயர்னை வாங்க இப்போது இயலாது என்பவர்கள் இருப்பார்கள். அவர்களைச் சாதாரண அயர்ன் வாங்காதீர்கள் என்று நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதிலும் 15 வாட்டுக்குப் போகாமல் 25 முதல் 40 வாட்டுக்குள் ஒன்றை, முலாம் பூசிய தட்டையான பிட்டும் மூன்று பின் பிளக்கும் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். நீண்ட நேரம் சும்மா எரியவிடாமல், இடைவேளைகளில் அணைத்து வைக்கட்டும். மிச்சமிருக்கும் பணத்தை 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, ரோசினை உள்ளே வைத்த நல்ல சால்டருக்குச் செலவிடட்டும். மட்டமான சால்டரை எந்த அயர்னாலும் திருத்த முடியாது.

அந்தத் தொடரின் அடுத்த பகுதி வெளிவரும்போது, வாட் பற்றியும் உப்புத்தாள் பற்றியும் உள்ள வரிகளைத் திருத்தி, எர்த் சோதனையை ஒரு சிறு கட்டமாகவேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுமுறையில் முதல் அயர்னை வாங்கக் காத்திருக்கும் மாணவர்கள் தங்கள் இணைப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் கடைக்குப் போகுமுன் அந்தத் திருத்தம் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களில் ஒருவன்